நாற்பது சாம்பிள்

அரியலூரில் சாம்பிள் என்றால் கல்லை உடைப்பது என்று அர்த்தம். சுரங்கத்திலிருந்து ஒரு கூடை சுண்ணாம்புக்கல் வரும். அதை நொறுக்கிக் குவித்து, குவியலை நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி நொறுக்கி, மறுபடி நாலாக்கி, கடைசியில் முகப்பவுடர் மாதிரி ஆன ஒரு பிடி மாவைக் காகித உறையில் போட்டு நம்பர் எழுதினால் அது சாம்பிள். அதற்கப்புறம் அமிலத்தில் கரைத்துப் பார்ப்போம். சாம்பிளாகப் போன கல் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

எண்பதுகளில் நான் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஜவுளிக் கடையில் சாம்பிள் கேட்டால்கூட ஓரத்தில் கத்தரித்துத்தான் தருவார்கள். எங்கே போனாலும் சாம்பிள் என்றால் ஒரு பொருளில் கொஞ்சம் குறைகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த கோமாளித்தனத்துக்கு என்னிடம் இருக்கிற ஒரே சமாதானம் இதுதான்.

டவுன் ஓரத்தில் இருந்த எங்கள் மாதா கோவிலில் ஒரு பேண்டு செட் இருந்தது. நாலு கிளாரினெட், இரண்டு டிரம்பெட், ஒரு பெரிய டிரம். எல்லாவற்றுக்கும் ஆண்கள்தான். இவை போக, பூசை சாமான் அறையில் ஒரு கருப்புப் பெட்டிக்குள் ராட்சச கிளாரினெட் ஒன்றும் கிடந்தது. பாஸ் கிளாரினெட் என்பது அதன் முறையான பெயர். முன்னொரு காலத்தில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. கருப்பு மரத்தில் இடுப்புயர உடம்பு, உச்சியில் வளைந்த வெள்ளிக் கழுத்து, அடியில் மேல்நோக்கித் திரும்பிய வெள்ளி வாய். பார்த்தவர்கள் எல்லாரும் தும்பிக்கை என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக அதை ஊதிப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். மூச்சு ஏகமாகத் தின்னும். வருகிற சத்தமோ மாட்டுக்கு வயிற்றுவலி கண்ட மாதிரி இருக்கும். நான் பதினைந்து வயதில், சனிக்கிழமை கோவில் பெருக்கப் போன இடத்தில், யாரும் இல்லாதபோது எடுத்து ஊதினேன். முதல் சனிக்கிழமை வெறும் காற்று. இரண்டாவது சனிக்கிழமை மாட்டின் வயிற்றுவலி. மூன்றாவது சனிக்கிழமை ஒரு சுரம் வந்தது. யாரோ ஒரு பெரிய மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து அடிக்குரலில் பேசுவது போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. விரல் வைப்பதெல்லாம் சின்ன கிளாரினெட் மாதிரியேதான் என்பதால், பேண்டுக்காரர்களின் விரல்களைப் பார்த்தே மிச்சத்தைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வைக்கிற நாணல் பட்டை, அதாவது ரீட் மட்டும், இதற்கென்று எங்கும் கிடைக்காது. சாக்ஸபோன் ரீட்டைத் திருச்சியிலிருந்து வரவழைத்து ஓரத்தைத் தேய்த்து மாட்டிக்கொள்வேன்.

பெண் பிள்ளை பேண்டில் நிற்பதா என்று அப்போது ஒரு பேச்சு எழுந்தது. கன்னம் உப்பிப் போகும், மாப்பிள்ளை கிடைக்காது என்றெல்லாம் என் கன்னத்தைப் பற்றி ஊரே கவலைப்பட்டது. ஆனால் தும்பிக்கையை ஊத வேறு ஆள் இல்லை. அடிச்சுரம் இல்லாமல் தேர்பவனிப் பாட்டு மொட்டையாக இருக்கிறது என்பதை நாலு திருவிழாவில் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அதனால் கடைசி வரிசையில், டிரம்முக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஸ்டூல் என்னுடையது. மற்றவர்களுடைய வாத்தியம் கெட்டுப்போனால் அலமாரியில் இன்னொன்று இருந்தது. எனக்குத் தும்பிக்கை போனால் ஸ்டூலும் போய்விடும். பெண்கள் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு மண்டியிட வேண்டியதுதான். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உள்ளுக்குள் இருந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் கோவில் சாமியாரான பங்குச்சாமிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேர்பவனிக்கு வந்திருந்த யாரோ தும்பிக்கையைக் கேட்டுவிட்டுப் போய், ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டார்.

"இது ஒன் தொழில்தாம்மா. மெட்ராஸ்லேர்ந்து நம்ம தும்பிக்கைய சாம்பிள் எடுக்க வராங்களாம்" என்றார்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. பாஸ் கிளாரினெட்டின் சாம்பிள் சுமார் நாற்பது தேவைப்படும், அரை நாளில் வேலை முடிந்துவிடும், நன்றிக்கு அடையாளமாகக் கோவிலுக்கு ஒரு புது மைக் செட் தருகிறோம் என்று இருந்தது.

"நாப்பதா சாமி?"

"அதே மாதிரி புதுசா செய்யப் போறாங்க போல. என்ன மரம், என்ன தகடுன்னு பரிசோதிச்சுப் பாக்கணும்ல?"

"நீங்க என்ன பதில் எழுதப் போறீங்க?"

"எழுதிப் போட்டாச்சே. எத்தன வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு எழுதிட்டேன்."

நல்ல மனிதர். பசி என்று யார் வந்து நின்றாலும் தன் தட்டைத் தள்ளிவிடுவார். ஆனால் மைக் செட் விஷயத்தில் அவருக்குப் புத்தி தடுமாறிவிடும். கோவிலில் இருந்த பழைய மைக் அவர் 'பிரியமானவர்களே' என்று ஆரம்பித்ததும் கீச்சென்று கத்தும். பிரசங்கத்தில் பாதி நேரம் அவர் மைக்கின் தலையில் தட்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"நாப்பது எடத்துல சீவுனா அப்பறம் என்ன சாமி மிச்சம் இருக்கும்? ஒரு ஓட்டை கூடினாலே காத்து போயிரும். ஒண்ணு ரெண்டு எடுத்தாப் போதாதா?"

"கேட்டது நாப்பது. கொஞ்சங் கொஞ்சமா சொரண்டிக்குவாங்கம்மா. தெரியவா போவுது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் எனக்குச் சாதாரணமாகவே சீக்கிரம் வரும். ஆனால் சாமியாரோடு சண்டை போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். ஒரு குண்டான் நசுங்கியது. பத்து வருஷம் ஊதியவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று எழுத இவருக்கு எப்படி மனசு வந்தது? அன்று ராத்திரி முழுக்க என் கண்ணில் கல் உடைக்கிற இயந்திரத்தின் தாடைதான் தெரிந்தது. அதன் நடுவில் தும்பிக்கை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் உறைகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தபோது யோசனை உதித்தது. இந்த உறைகளுக்குள் இருக்கிற மாவு எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் எழுதுகிற நம்பரை எல்லாரும் நம்புகிறார்கள், அவ்வளவுதானே. சாயங்காலமே பங்குச்சாமியிடம் போனேன்.

"சாமி, வர்றவங்க கண்டபடி சீவிட்டா என்ன பண்றது? நானே எடுத்து உறையில போட்டு நம்பர் எழுதி ரெடியா வச்சிடறேன். அரும்பாவூர்ல எங்க அக்கா வூட்டு மாமா மரவேலைதான செய்யறாரு. அவருகிட்ட எடுத்துட்டுப் போனா சேதாரமில்லாம எடுத்துக் குடுப்பாரு."

"அப்பாடா. அந்த வேலை ஒனக்குத்தாம்மா தெரியும்" என்று அவர் பெட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தே விட்டார். அவர் சந்தேகப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேப்பந்தட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் மாறினேன். கண்டக்டர் பெட்டியைக் காலால் தட்டி, "என்னம்மா, தையல் மிஷினா? லக்கேஜ் போடணும்" என்றார். காலை எடுங்க என்று நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. அப்புறம் அரும்பாவூர் வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனேன். கால் இரண்டும் மரத்துப் போய்விட்டன.

அக்காவின் கணவர் மாதா கோவில்களுக்குச் சுரூபச் சிலையும் செய்வார், சாமி வாகனமும் செய்வார். அவருடைய பட்டறையில் ஒரு பக்கம் அந்தோணியார் தலையில்லாமல் நிற்பார், இன்னொரு பக்கம் யாளி வால் இல்லாமல் நிற்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் தும்பிக்கையை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"இதப் போயி சீவறதா? எவன்டா அவன்?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவருக்குக் கோவில் கட்டியிருப்பேன்.

கருப்பாக, கெட்டியாக ஒரு மரம் வேண்டும் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த உடைந்த உலக்கையோடு வந்தார். நல்ல கருங்காலி. நெல்லும் கம்பும் குத்திக் குத்தி வழவழவென்று ஆகியிருந்தது. "அது என் கல்யாணத்துக்குக் குடுத்த ஒலக்கை" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். "ஒடஞ்சு மூணு வருஷமாச்சுடி" என்று இவர் கத்தினார். அறுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நாற்பது சில்லு எடுத்தோம். ஆலையில் செய்வதைவிட ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மேல்பாகம், நடுப்பாகம், கீழ்பாகம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு உறையிலும் நம்பரும் பாகமும் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினேன். தும்பிக்கையைப் பட்டறையில் வாகைப் பலகைகளுக்குப் பின்னால் வைத்துச் சாக்கு போட்டு மூடினோம். சீவிய இடத்தை மாமா பூசிக்கொண்டிருக்கிறார் என்று பங்குச்சாமியிடம் சொல்லிவிட்டு, மெட்ராஸ்காரர் வந்து போகும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு.

அவர் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், பெரிய கண்ணாடி. அம்பாஸடர் காரின் பின்சீட்டு முழுக்கப் பெட்டியும் வயருமாக இருந்தது. பங்குச்சாமி அவருக்குக் காபி கொடுத்து, கோவிலைச் சுற்றிக் காட்டி, பழைய மைக்கையும் மறக்காமல் காட்டினார். நான் பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்தாங்க சார். நீங்க கேட்ட நாப்பது சாம்பிள்."

அவர் மூடியைத் திறந்தார். ஒரு உறையை எடுத்து நம்பரைப் படித்தார். உள்ளே இருந்த சில்லை உள்ளங்கையில் கொட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இது என்னங்க?"

"மேல்பாகம் சார். பதினேழாம் நம்பர்."

"எதோட மேல்பாகம்?"

"வாத்தியத்தோடதுதான்" என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் கணீரென்று வந்துவிடும்.

அவர் என்னைப் பார்த்தார், பங்குச்சாமியைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, வாத்தியத்தை ஒடச்சிட்டீங்களா?" என்றார்.

அப்படியே கோவில் படியில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சாம்பிள் கேட்டவர் சாம்பிளைப் பார்த்து ஏன் அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறார்? அப்புறம் அவரே சொன்னார். ஸ்டுடியோவுக்குப் புதிதாக ஒரு கீபோர்டு வந்திருக்கிறது. வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக இரண்டு மூன்று செகண்ட் டேப்பில் பதிந்துகொண்டு போய் அதற்குள் ஏற்றி, ஃபிளாப்பியில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் கீபோர்டின் கட்டையை அழுத்தினால் அந்த வாத்தியத்தின் சத்தமே வரும். வயலினும் புல்லாங்குழலும் எல்லாரிடமும் இருக்கிறது. இந்த வாத்தியம் யாரிடமும் இல்லை. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார்.

"அப்படி எடுக்கற சத்தத்துக்குப் பேருதாங்க சாம்பிள்."

"அப்ப... மரத்துல ஒண்ணும் எடுக்க மாட்டீங்களா?"

"மரத்தை வச்சு நான் என்னங்க பண்றது? சத்தம்தான் வேணும். எத்தன எடுத்தாலும் அது கொறையாது."

நானும் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் அப்படியே இறங்கிப் போனது. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் வாயில் வந்தது. சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அந்த மெலிந்த மனிதர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் அவர் இன்னும் கையில் சில்லை வைத்துக்கொண்டு துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"ஒடைக்கலீங்க சார். வாத்தியம் பத்திரமா இருக்கு."

"அப்ப இது?"

சுரங்கத்தில் வெடி வைக்கப் போவதற்கான சங்கு அந்த நேரம் பார்த்து ஊதியது. அது ஓயும்வரை நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பிறகு பங்குச்சாமியைப் பார்க்காமல், "ஒலக்கை" என்றேன்.

"என்னது?"

"எங்க அக்கா வூட்டு ஒலக்கை சாமி. மன்னிச்சுக்கங்க. தும்பிக்கை அரும்பாவூர்ல இருக்கு."

பங்குச்சாமி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பிஸ்கட் டின்னை வாங்கி, ஒரு உறையை எடுத்து, 'கீழ்பாகம், முப்பத்தொன்பது' என்று நான் அழகாக எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். "ஒலக்கைக்கு ஏதும்மா கீழ்பாகம்?" என்று கேட்டார். மெட்ராஸ்காரர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

அன்றே திரும்ப வேண்டியவர் அவர். உடனே கிளம்பினால்தான் உண்டு என்று எல்லாரும் காரில் ஏறினோம். பங்குச்சாமி முன்சீட்டில், நான் பின்சீட்டில் வயர்களுக்கு நடுவில், அந்த மனிதர் ஒலிப்பதிவு மிஷினைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில். பெரம்பலூர் தாண்டினோம். தூரத்தில் பச்சைமலை தெரிய ஆரம்பித்தபோது பங்குச்சாமி பின்னால் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துரு. சொன்ன பொய்யச் சொல்லி மன்னிப்புக் கேளு" என்றார்.

"சரிங்க சாமி."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி திரும்பினார். "நானும் பண்ணணும். ஒன்னய ஒரு வார்த்த கேக்காம எத்தன வேணும்னாலும் எடுத்துக்கன்னு எழுதுனேன் பாரு. மைக் செட்டுக்கு ஆசப்பட்டுட்டேம்மா."

மூன்று வாரக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இவரைப் போய் மனசுக்குள் அத்தனை திட்டியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. "பரவால்ல சாமி" என்றேன்.

அரும்பாவூரில் கார் நின்ற சத்தம் கேட்டதும் மாமா கையில் உளியோடு வாசலுக்கு வந்து வழியை மறித்து நின்றார். கூடவே சாமியாரையும் பார்த்ததால், நான் பிடிபட்டுவிட்டேன் என்றே நினைத்திருக்கிறார். "வாத்தியம் இங்க இல்லீங்க" என்றார். நான் ஒன்றும் கேட்காமலே அக்கா உள்ளேயிருந்து, "இங்க எதுவும் இல்லீங்க, வேணும்னா தேடிப் பாத்துக்கங்க" என்றாள். இந்தக் குடும்பத்தில் பிறந்தவள் நான்.

விஷயத்தை விளக்கி எல்லாரையும் சிரிக்க வைத்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. எங்கே உட்கார்ந்து பதிவு செய்யலாம் என்று மெட்ராஸ்காரர் வீட்டைச் சுற்றி வந்தார். ஒவ்வோர் இடத்திலும் நின்று ஒரு தடவை கையைத் தட்டுவார், காதைச் சாய்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். பட்டறைக்குள் போய்த் தட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. சுவரை மறைத்து ஆளுயரத்துக்கு அடுக்கிய பலகைகள், தரையில் கணுக்கால் அளவு மரத்தூளும் சுருளும். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது.

"கோவில்ல எடுத்திருந்தா ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால எதிரொலி ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். அந்த வெடிச்சத்தம் வேற. நல்லவேளை, இங்க கொண்டாந்து ஒளிச்சு வச்சீங்க" என்றார். நான் பங்குச்சாமியைப் பார்த்தேன். அவர் தலையில்லாத அந்தோணியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா வேலையாட்களை நிறுத்தினார். ஆட்டை அவிழ்த்துப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினார்கள். அக்கா வாசலில் நின்று போகிறவர்கள் வருகிறவர்கள் வாயை எல்லாம் மூடினாள். நான் கவிழ்த்துப் போட்ட ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து தும்பிக்கையின் பாகங்களைப் பொருத்தினேன். கை பட்டதும் அதில் ஒரு மூலையாவது குறைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அது தேவையே இல்லை என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

ஒரு சுரத்தை மட்டும் தனியாக ஊதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் பாட்டில் ஒரு சுரம் சும்மா நிற்காது. வழுக்கிக்கொண்டு வரும், அசைந்து நிற்கும், போகும்போது அடுத்ததைத் தொட்டுவிட்டுப் போகும். எனக்கும் அப்படித்தான் பழக்கம். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கையைக் காட்டி நிறுத்துவார்.

"அசைக்காம ஊதுங்க. நேரா, கோடு போட்ட மாதிரி."

"நேராத்தான சார் ஊதறேன்?"

"கடைசில அடுத்த சுரத்துக்குப் போயிடறீங்க."

"அது தானாப் போவுது சார்."

"போக வேணாங்க. அங்கயே நின்னுடுங்க."

இரண்டு தடவை எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவது தடவை சிரிப்பு வந்தது. நாலாவது தடவை சுரம் நேராக வந்தது. பதின்மூன்று சுரங்கள் எடுத்தோம். ஒவ்வொன்றையும் மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை, சட்டென்று வெட்டினாற்போல ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் நம்பர் சொல்வார். பிறகு நோட்டில் எழுதிக்கொள்வார். பதினேழு என்று அவர் சொன்னபோது பங்குச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார். அந்தச் சுரத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

முப்பத்தொன்பது முடிந்தது. டேப் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றார். "நாப்பதாவது, அடியிலயே அடி சுரம். மூச்சு இருக்கிற வரைக்கும் பிடிங்க."

எல்லாத் துளையையும் மூடி, ஆழமாக மூச்சிழுத்து ஊதினேன். பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. என் மடிமேல் அந்த மரம் அதிர்ந்தது. இது முழுசாக இருக்கிறது, இனி யாரும் இதைச் சீவப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை என் ஸ்டூல் எனக்காகக் காத்திருக்கும். ஊதிக்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் எனக்குள் திரண்டு வந்தது. காலையில் படியில் உட்கார்ந்தபோது பாதி வந்து நின்றுபோன அழுகை, மிச்சத்தையும் கொண்டு இப்போது மேலே வந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த சுரம் கடைசியில் நடுங்கியது. மெலிசான நடுக்கம்தான், குளிரில் தாடை ஆடுவது போல. மூச்சு தீர்ந்தது. அதே நேரம் டேப்பும் முடிந்து சக்கரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"நடுங்கிடுச்சு சார். இன்னொண்ணு எடுத்துக்கங்க."

"டேப் இல்லீங்க." அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "பரவால்ல. இது இப்படியே இருக்கட்டும்" என்றார்.

போகும்போது அவர் பிஸ்கட் டின்னையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஸ்டுடியோவில் எல்லாருக்கும் காட்ட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமி எனக்கு மாதாவை வேண்டும் அருள்நிறைந்த மந்திரத்தை நாற்பது தடவை சொல்லும்படி பரிகாரம் கொடுத்தார். ஒரு சில்லுக்கு ஒன்று. தனக்கும் நாற்பதுதான் என்று சேர்த்துச் சொன்னார். இரண்டு மாதத்தில் மைக் செட் வந்தது. முதல் நாள் 'பிரியமானவர்களே' என்று சொல்லிவிட்டு, கீச்சென்று கத்தும் என்று வழக்கம்போல நிறுத்தினார். ஒன்றும் கத்தவில்லை. அடுத்து என்ன சொல்வதென்று அவருக்கு மறந்துவிட்டது.

அதற்கு அடுத்த வருஷம் ஒருநாள், அக்கா வீட்டுக்குப் போகப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். டீக்கடை ரேடியோவில் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கி, கீழே ஒரு சுரம் மட்டும் தனியாக நின்றது. நின்று, கடைசியில் மெலிசாக நடுங்கி ஓய்ந்தது. எனக்குக் கையிலிருந்த பை நழுவிவிட்டது.

"அது நாந்தாங்க" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் ரேடியோவையும் என்னையும் பார்த்துவிட்டு, "பாடறதுங்களா?" என்றார்.

"இல்லீங்க. அழறது" என்றேன். அவர் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகப் போட்டு ஒரு டீ கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் கோவிலுக்குப் போய்த் தும்பிக்கையை எடுத்து அந்த அடிச்சுரத்தை ஊதினேன். நேராக, கோடு போட்ட மாதிரி வந்தது. நடுக்கத்தை வரவழைக்கலாம் என்று வேண்டுமென்றே ஊதிப் பார்த்தேன். அசைத்தால் அசைந்தது, ஆனால் அந்த நடுக்கம் வரவில்லை. அப்புறம் எத்தனையோ வருஷம் ஊதியிருக்கிறேன், ஒரு தடவைகூட வந்ததில்லை. எத்தனை எடுத்தாலும் குறையாது என்று அந்த மனிதர் சொன்னது முழுக்கச் சரியில்லை. தும்பிக்கை போய்விடும், ஸ்டூல் போய்விடும் என்று எனக்குள் இருந்த பயத்தை அவர் அன்று சாம்பிளாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாம்பிளாகப் போனது திரும்பி வருவதில்லை.